நிலம் விலைபோகும், மாடு போகாது

போன வாரம் எங்கள் பழைய அலுவலகத்தில் வேலை பார்க்கும் பிரியா எனக்கு ஒரு படம் அனுப்பியிருந்தாள். பாலிக் பூலாவ் பக்கம் விற்பனைக்கு வந்திருக்கும் ஓர் ஆட்டுப் பண்ணை. பச்சைப் பசேலென்று புல், நீல வானம், வெள்ளை வேலி. "எப்படி இருக்கு ஆண்ட்டி?" என்று கீழே எழுதியிருந்தாள்.

"ஆடெல்லாம் எங்கம்மா?" என்று கேட்டேன்.

"கம்ப்யூட்டர்லயே அழிச்சிட்டேன் ஆண்ட்டி. கொட்டகை, குப்பை, சேறு எல்லாமே போச்சு. ஒரு தட்டு தட்டினா போதும்லா."

எனக்கு வந்த எரிச்சலை எப்படிச் சொல்ல? வாங்க வருகிறவன் படத்துக்குள்ளேயா இறங்கி நடக்கப் போகிறான்? காரில் வந்து காடிக் கதவைத் திறந்ததும் அவன் மூக்கில் ஏறப்போகும் நாற்றத்தை எதைத் தட்டி அழிப்பாள்? திட்டி ஒரு பதில் எழுத ஆரம்பித்தேன். அது நீண்டுகொண்டே போனது. அனுப்பாமல் அழித்துவிட்டு, அதற்குப் பதிலாக இதை எழுதுகிறேன். ஒரு பண்ணையை விற்கத் தயார் செய்வது என்றால் என்னவென்று அந்தப் பெண்ணுக்கும் தெரியட்டும்.

பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்த கையோடு எங்கள் தீவின் ஜார்ஜ்டவுன் பீச் ஸ்ட்ரீட்டில், ஒரு கடைவீட்டு மாடியில் இருந்த நில விற்பனை அலுவலகத்தில் தட்டச்சு வேலைக்குச் சேர்ந்தேன். பிறகு கோப்பு, பிறகு வாடகை, பிறகு வீடு, கடைசியில் நிலம். ஒரு வாழ்நாளை இப்படி ஒரு வரியில் முடித்துவிட்டேனே என்று நினைக்க வேண்டாம். அதில் பாதி, நில அலுவலகத்து நாற்காலியில் என் எண்ணைக் கூப்பிடுவார்களா என்று காத்திருந்ததுதான். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் என்று சொன்னால் எங்கள் முதலாளி மிஸ்டர் ஊய் சிரிப்பார். அவர் எதையும் கற்றுக்கொடுத்ததில்லை. திட்டியதும் இல்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை என்று நான் பலநாள் நினைத்ததுண்டு. நான் கஷ்டப்பட்டு எழுதிக்கொண்டு போகும் விளம்பரத்தை வாங்கி, காதில் செருகியிருக்கும் பென்சிலை எடுத்து, ஒரு சொல்லை மட்டும் அடித்துவிட்டுத் திருப்பித் தருவார். 'அழகான' என்ற சொல்லைத்தான் முதலில் அடிப்பார். அடுத்த முறை 'அமைதியான'. அதற்கடுத்த முறை 'அரிய வாய்ப்பு'.

"அழகுன்னு வாங்குறவன் சொல்லட்டும். தண்ணி எந்தப் பக்கம் ஓடுது, நீ அதைச் சொல்லு." அவர் பேசுவது ஆங்கிலமும் மலாயும் ஹொக்கியன் சீனமும் கலந்த ஒரு பேச்சு. தமிழில் சொன்னால் ஏறக்குறைய இப்படி வரும்.

அவர் நிலம் பார்க்கும் விதமே தனி. காடியின் பின்பெட்டியில் ஓர் அரிசிச் சாக்குக்குள் ரப்பர் பூட்ஸ் எப்போதும் இருக்கும். இறங்கியதும் அதை மாட்டிக்கொள்வார். வீட்டுக்காரர் உள்ளே கூப்பிட்டால் போகமாட்டார். குடிக்கத் தண்ணீர் மட்டும் கேட்பார். நின்றபடி குடித்துக்கொண்டே கால்வாயைப் பார்ப்பார். பிறகு வேலியோரமாகவே முழு நிலத்தையும் சுற்றி வருவார். நடு நிலத்துக்குள் கடைசியாகத்தான் கால் வைப்பார். சுற்றி முடித்ததும் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்பார்: "இங்கே எது வெளியே போகமாட்டேன்னு சொல்லுது?"

ஒவ்வோர் இடத்திலும் அப்படி ஒன்று இருக்கும் என்பது அவர் நம்பிக்கை. ஒரு கடைவீட்டில் அது கதவை விடப் பெரிய இரும்புப் பெட்டியாக இருந்தது. இன்னொரு வீட்டில், யாருக்கு உறவு என்றே யாருக்கும் தெரியாத ஒரு கிழவர். அதை முதலில் கண்டுபிடி, மற்றதெல்லாம் தானாக நகரும் என்பார்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் நிபோங் திபால் மாட்டுப் பண்ணை எங்களிடம் வந்தது. செபராங் ஜெயாவில் இருந்து கமலா அக்கா என்ற ஒரு ஓய்வுபெற்ற குமாஸ்தா அம்மாள் வந்து கொடுத்தார். நிலம் அவர் பெயரிலும் அவருடைய அண்ணன் ஆறுமுகம் பெயரிலும் இருந்தது. அண்ணன் எழுபதைத் தாண்டியவர், மனைவியை இழந்தவர், பிள்ளைகள் இல்லை. பண்ணையிலேயே தனியாக இருந்தார். ஒரு மாடு உதைத்துத் தள்ளி, இடுப்பெலும்பு முறிந்து, சேற்றிலேயே கிடந்திருக்கிறார். போன் எடுக்கவில்லையே என்று மறுநாள் தேடிப் போன தங்கைதான் கண்டுபிடித்திருக்கிறார். அதற்குப் பிறகு விற்றுவிடுவதென்று முடிவு. அண்ணன் தங்கை வீட்டோடு வந்துவிட வேண்டும். அவரும் சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டார்.

முதல் நாள் மிஸ்டர் ஊயோடு போனேன். மூன்று பக்கமும் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம், ஒரு பக்கம் ஆற்றுக்குப் போகும் பெரிய கால்வாய். கொட்டகை, அதன் பின்னால் என் உயரத்துக்கு மேல் குவிந்து காய்ந்த சாணி மேடு, மாடு தண்ணீர் குடிக்கக் குளியல் தொட்டிகள், தீவனம் போட்டு வைக்கப் பழைய ஐஸ்பெட்டிகள். எல்லாவற்றுக்கும் மேலாக, சக்கரமில்லாத ஒரு பள்ளிப் பேருந்து. அதற்குள் நெருப்புப் பிடித்தால் ஊரே எரியும் அளவுக்கு வைக்கோல்.

"எது போகமாட்டேங்குது?" என்றார் மிஸ்டர் ஊய்.

"பஸ்," என்றேன்.

அவர் பூட்ஸைக் கழற்றிச் சாக்கில் போட்டார்.

வேலையை ஆரம்பித்தோம். நில அலுவலகத்தில் தேடல் போட்டு, கிராண்ட் எனும் நிலப் பத்திரம் சுத்தமாக இருக்கிறதா, யாராவது தடை போட்டிருக்கிறார்களா என்று பார்த்தேன். இல்லை. சர்வேயர் வந்தார். மூன்று மூலையில் எல்லைக்கல் கிடைத்தது. நான்காவது மூலையில் சாணி மேடு. கல் அதற்குக் கீழே. லோரி பிடித்து அந்த மேட்டை அள்ள வேண்டியதாயிற்று. இதற்கும் மிஸ்டர் ஊய்க்கு ஒரு முறை உண்டு. கடைக்கோடியிலிருந்து வாசலை நோக்கித்தான் துப்புரவு செய்ய வேண்டும். வாசலில் ஆரம்பித்தால் அள்ளிப் போட்டதே லோரிக்கு வழியை மறித்துவிடும். கொட்டகைக்குச் சாயம் அடிக்கக் கூடாது. சாயம் அடித்தால் எதையோ மறைக்கிறோம் என்று அர்த்தம். கூரைத் தகட்டில் இரண்டைக் கழற்றி வெயிலை உள்ளே விட வேண்டும், தரையைக் கழுவிச் சுண்ணாம்புத் தூள் தூவ வேண்டும். கிணற்றுக்கு மூடி போட வேண்டும். பேருந்தை இரும்புக்காரர் வந்து துண்டு துண்டாக அறுத்து எடுத்துப் போனார். அது ஒரு மறுப்பும் சொல்லாமல் போய்விட்டது.

கமலா அக்கா சும்மா இருக்கவில்லை. டெலிவிஷனில் எதையோ பார்த்துவிட்டு, வாசலில் வரிசையாகக் காகிதப்பூத் தொட்டிகளைக் கொண்டுவந்து வைத்தார். அன்று மாலைக்குள் மாடுகள் மொட்டையடித்துவிட்டன. அடுத்த வாரம் மறுபடியும் தொட்டிகள். நான் வேண்டாம் என்றால் கேட்பாரா? "வாங்க வர்றவங்களுக்கு ஒரு லட்சணமா இருக்க வேணாமா, மேரி?" என்பார்.

ஆனால் மாடுகள்தான் என் உயிரை எடுத்தன. வாங்குகிறவரிடம் நிலத்தைக் காலியாக ஒப்படைக்க வேண்டும். ஆறுமுகம் அண்ணன் கறவை மாடுகளையும் கன்றுகளையும் கூலிம் பக்கம் ஒரு பால்காரருக்கு விற்றார். கெடாரிகளை இன்னொருவருக்கு. கடைசியில் ஐந்து நின்றன. ஐந்தும் பால் வற்றிய கிழங்கள். ஒன்றுக்கு ஒரு கண் பார்வை இல்லை. அதன் பெயர் லெச்சுமி. இடுப்பை உடைத்தது அதுதான் என்று பிறகு தெரிந்தது.

"அண்ணே, இந்த அஞ்சும் எப்ப போவுது?" என்று கேட்பேன்.

"பாக்கலாம்மா."

"யார்கிட்டயாவது சொல்லி வெச்சிருக்கீங்களா?"

"சொல்லியிருக்கு, சொல்லியிருக்கு."

யாரிடமும் சொல்லவில்லை. அது போதாதென்று, நிலம் பார்க்க வருகிறவர்களிடம் அவரே போய்ப் பேச ஆரம்பித்தார். முதலில் வந்தது பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒரு தம்பதி. வார இறுதிக்கு ஒரு தோட்ட வீடு கட்டும் ஆசை. நான் காற்றோட்டத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே தடியை ஊன்றிக்கொண்டு வந்தார்.

"தம்பி, வீடு இங்கன கட்டாதீங்க. மழைக்காலத்துல கால்வாய் பொங்குனா முழங்கால் வரைக்கும் தண்ணி நிக்கும். பாம்பு மெதந்து வரும்."

அந்தப் பெண் அதற்குப் பிறகு காடியை விட்டு இறங்கவே இல்லை.

நான் கடல் பாலத்தைக் கடந்து தீவிலிருக்கும் அலுவலகம் வந்து சேரும்வரை பொருமிக்கொண்டே வந்தேன். மிஸ்டர் ஊயிடம் கொட்டித் தீர்த்தேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு அவரே விற்பனையைக் கெடுக்கிறார், இந்த வேலையை வேறு யாரிடமாவது கொடுங்கள் என்றேன்.

"அவர் சொன்னது நெஜமா?" என்றார்.

"நெஜம்தான்."

"அப்ப விளம்பரத்துல போடு." பென்சிலை எடுத்து, நான் எழுதியிருந்த 'காற்றோட்டமான' என்ற சொல்லை அடித்தார். "அவருக்கு விக்கணுமா வேணாமான்னு நீ கேக்காத. எது போகமாட்டேங்குதுன்னு பாரு."

எனக்கு இன்னும் எரிச்சல் கூடியதுதான் மிச்சம்.

ஒருநாள் மாலை கமலா அக்கா போன் செய்தார். "மேரி, நாளைக்குக் காலையில ஒரு லோரி வரும். கேட்டைத் தொறந்து விட்டுரு. அண்ணனை நான் ஆஸ்பத்திரிக்கு செக்கப்புக்கு அழைச்சிட்டுப் போறேன். திரும்பி வர்றதுக்குள்ள வேலை முடிஞ்சிரும்."

மீதிக் குப்பையை ஏற்றத்தான் என்று நினைத்துக்கொண்டேன். அன்று பிற்பகல் இன்னொருவர் நிலம் பார்க்க வருவதாகவும் இருந்தது. காலையில் போய் நின்றால், வந்தது மாட்டு லோரி. ஓட்டி வந்தவர் தனபாலன் என்ற மாட்டு வியாபாரி. இறங்கி, கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு, "அஞ்சுதானேக்கா?" என்றார்.

"எங்க போவுது?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "இந்த வயசு மாடு எங்கக்கா போவும்? வெட்டுக்குத்தான்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இந்த ஐந்தையும் வாங்க ஆள் இல்லாமல் இல்லை. ஒரே வகை ஆள்தான் இருந்தார். அவரிடம்தான் ஆறுமுகம் அண்ணன் சொல்லி வைக்கவில்லை.

சாவி என் கையில் இருந்தது. திறந்துவிட்டால் பிற்பகலுக்குள் நிலம் காலி. இத்தனை மாதத் தலைவலி அன்றோடு முடிந்தது. அதை நினைக்காமல் இல்லை. ஆனால் நிலத்தில்தான் கமலா அக்காவுக்குப் பாதி. மாட்டில் ஒரு வால்கூட அவருடையது இல்லை. உடையவர் சொல்லாமல் ஒரு பொருளை வாசலைத் தாண்ட விட்டால், நான் இத்தனை வருடம் செய்தது என்ன வேலை? "அவர் வரட்டும்," என்றேன். பூட்டைத் தொடவில்லை.

கமலா அக்காவுக்குப் போன் செய்தேன். ஆஸ்பத்திரி என்பதால் அடிக்குரலில் சீறினார். "தொறம்மா! நீ தொற! பழி வந்தா என்மேல வரட்டும்!" பக்கத்தில் அண்ணன் "என்னாது, யாரு?" என்று கேட்பது எனக்கே கேட்டது. போன் துண்டானது.

தனபாலன் கோபப்படவில்லை. "கூப்பிட்டாங்க, வந்தேன்," என்று சொல்லிவிட்டு லோரியின் நிழலில் உட்கார்ந்து பன் தின்றார். மாடுகள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று என்னைப் பார்த்தன. உங்களால் எனக்கு எவ்வளவு பாடு தெரியுமா என்று அதுகளிடம் வாய்விட்டே கேட்டேன்.

கமலா அக்காவின் காடி வந்து நின்றதும், ஆறுமுகம் அண்ணன் தடியைக்கூட எடுக்காமல் இறங்கினார். லோரியைப் பார்த்தார். தங்கையைப் பார்த்தார்.

"வெட்டுக்கு அனுப்புறியா? இதுங்க பாலை வித்துத்தானே உன்னைய..."

"ஆரம்பிக்காதீங்கண்ணே! படிக்க வெச்ச மாடெல்லாம் செத்து எத்தனையோ வருஷமாச்சு. இது வேற மாடு! உங்க இடுப்ப ஒடச்ச மாடு!" கமலா அக்கா வேலிப் பக்கம் கையை நீட்டினார். "சேத்துல கெடந்தீங்களே, யாரு வந்து தூக்குனா? இந்த லெச்சுமியா வந்துச்சு? தெனம் காலையில போன் அடிச்சு நீங்க எடுக்குற வரைக்கும் நான் காப்பியைக்கூடத் தொடுறதில்ல. உங்களுக்கு அஞ்சு மாடு இருக்கு. எனக்கு நீங்க ஒருத்தருதாண்ணே இருக்கீங்க."

அண்ணன் வேலிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். தனபாலன் மரியாதையாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நான் வரமாட்டேன்னு எப்ப சொன்னேன்?" என்றார் கடைசியில். "இன்னிக்கே வர்றேன். இப்பவே வேணும்னாலும் வர்றேன். அதுங்க வெட்டுப்படக் கூடாது. அவ்ளோதான்."

சொன்னபடியே செய்தார். வீட்டுக்குள் போனார், நாலு துணியைப் பிளாஸ்டிக் பையில் திணித்துக்கொண்டு வந்தார், காடியில் ஏறி உட்கார்ந்தார். தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓட்டிக்கொண்டு போய்விட்டார். அண்ணனும் தங்கையும் சமாதானம். சந்தோஷம். ஐந்து கிழட்டு மாடுகளோடு வெயிலில் நின்றது நான். இதற்கு யார் புல் போடுவது, யார் தண்ணீர் வைப்பது என்று இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

தனபாலன் எழுந்து காற்சட்டையைத் தட்டிக்கொண்டார். "நான் வேணா புல்லு அறுத்துப் போடவாக்கா? இந்தப் பக்கம் தெனம் வர்றதுதான்." வெட்ட வந்தவர் அன்றிலிருந்து புல் வெட்டினார். பிற்பகல் வந்தவர் மாடுகளைப் பார்த்ததும் போய்விட்டார்.

மறுநாள் மிஸ்டர் ஊயிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முழுக்கக் கேட்டார். பிறகு விளம்பரத் தாளை எடுத்து, கடைசியில் அவர் கையாலேயே ஒரு வரி சேர்த்தார்: 'ஐந்து வயதான மாடுகள் நிலத்தோடு சேர்ந்தவை. இயற்கையாகச் சாகும்வரை வைத்திருக்க வேண்டும்.'

"இதைப் பாத்து யார் வாங்குவா பாஸ்?"

"அது போகாது. அப்ப அதை வெச்சுத்தான் விக்கணும்."

பல வாரம் தொலைபேசியில் சிரிப்புச் சத்தம்தான் கேட்டது. ஒருவர், மாட்டுக்குத் தனிப் பட்டா உண்டா என்று கேட்டார். நானும் சிரித்துக்கொண்டே பதில் சொல்லிப் பல்லைக் கடித்தேன்.

பிறகு 'தான்' என்ற பெயர்கொண்ட ஒரு சீனர் வந்தார். காய்கறித் தோட்டக்காரர், கீரையும் பயற்றங்காயும் போடுகிறவர். வெள்ளத்தைப் பற்றிச் சொன்னேன். மேட்டுப்பாத்தி போட்டுக்கொள்வேன் என்றார். மாடுகளைப் பற்றிச் சொன்னேன். தலையை ஆட்டினார். எல்லா இடத்தையும் சுற்றிப் பார்த்துவிட்டு, கொட்டகைக்குப் பின்னால் வந்து நின்றார். பண்ணையைப் பழைய புகைப்படம் ஏதோ ஒன்றில் பார்த்திருக்கிறார்.

"இங்கே ஒரு பெரிய சாணி மேடு இருந்துச்சே?"

"சுத்தமா அள்ளிட்டோம்," என்றேன் பெருமையாக.

அவர் முகம் வாடிவிட்டது. மக்கி, பொடியாகி, பொன்னாக இருந்திருக்குமே என்றார். அதைப் பார்த்துத்தான் வந்தாராம். லோரி வைத்து நாங்கள் கொண்டுபோய்க் கொட்டியது, அந்த நிலத்தில் அவர் விரும்பிய ஒரே பொருளை. நான் எல்லைக்கல் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மாடு ஐந்தும் தின்னுமா என்று கேட்டார். நன்றாகத் தின்னும் என்றேன். அப்படியென்றால் சாணி போடும், இருக்கட்டும் என்றார். வழக்கறிஞர் அந்த ஐந்து மாடுகளையும் நிபந்தனையாக ஒப்பந்தத்தில் எழுதும்போது, என்னை இருமுறை நிமிர்ந்து பார்த்தார். லெச்சுமிக்கு ஒரு கண் இல்லை என்பதையும் அடையாளமாக எழுதச் சொன்னது மிஸ்டர் ஊய்.

நிலம் கைமாறிய பிறகு வந்த ஒரு தீபாவளிக்கு, கமலா அக்கா என்னைச் செபராங் ஜெயாவுக்குக் கூப்பிட்டிருந்தார். ஆறுமுகம் அண்ணன் இளைத்திருப்பார், மாட்டை நினைத்து ஏங்கிப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டே போனேன். ஆள் ஒரு சுற்றுப் பெருத்திருந்தார். சாய்வு நாற்காலியில் காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்து சீரியல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாடுங்களைப் போய்ப் பாத்தீங்களாண்ணே?"

"எதுக்கு?"

எனக்குச் சுருக்கென்றது. "எதுக்கா? அந்த அஞ்சுக்காகத்தானே..."

"நான் பாக்கணும்னு கேக்கலியேம்மா. அதுங்க தானா சாகணும்னுதான் கேட்டேன். மாட்டோட இருந்தது போதும்." மறுபடியும் டெலிவிஷன் பக்கம் திரும்பிக்கொண்டார்.

என் தலையில் நானே அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. வழக்கறிஞர் பார்த்த பார்வை, பல்லைக் கடித்துச் சிரித்த சிரிப்பு எல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்தன. முறுக்கை எடுத்துக் கடித்தேன்.

அப்போது வாசலில் காடி வந்து நின்றது. கமலா அக்கா இறங்கினார். தீபாவளிச் சேலையை முழங்கால்வரை தூக்கிச் செருகியிருந்தார். காலில் ரப்பர் பூட்ஸ், முழுக்கச் சேறு. என்னைப் பார்த்ததும் ஏதோ திருடிவிட்டு அகப்பட்டவர் போல நின்றார்.

"அந்தச் சீனரு ஒழுங்கா பாத்துக்குறாரான்னு பாக்கத்தான் மொதல்ல போனேன்," என்றார், நான் கேட்காமலே. "இப்ப என்னான்னா அந்தக் குருட்டுக் கழுதை லெச்சுமி நான் ஊட்டுனாத்தான் திங்குது. நல்ல நாள் அதுவுமா பட்டினி போட முடியுமா, சொல்லு."

குழாயைத் திறந்து பூட்ஸைக் கழுவ ஆரம்பித்தார். உள்ளேயிருந்து ஆறுமுகம் அண்ணன், டெலிவிஷனிலிருந்து கண்ணை எடுக்காமல் குரல் கொடுத்தார்.

"கமலா, அதை வெளியிலயே கழட்டிப் போட்டுட்டு வா. வீடெல்லாம் சாணி நாத்தம் அடிக்குது."